பம்பரில் பதிந்தவன்

டிங்கர் சவரிமுத்து அந்தப் பழைய சுமோவின் முன் பம்பரைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்துக் காயவைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் வந்து பட்டறையின் தகரக் கதவைத் தள்ளியபோது, தட்டுவதற்கு முன்னால் எப்படி நசுங்கியிருந்ததோ அப்படியே, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், பம்பர் நசுங்கிக் கிடந்தது. பெயிண்ட் மட்டும் புதுசு. அதில் ஒரு கீறல்கூட இல்லை, பள்ளத்தின் அடிவரைக்கும் வழவழவென்று போயிருந்தது. சவரிமுத்து ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார். அரைகுறையாகத் தட்டிவிட்டுப் போயிருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் சுத்தியலை எடுத்தார்.

மறுநாளும் அதே கதைதான். அதற்கு மறுநாள் கேஸ் வைத்துச் சூடேற்றித் தட்டி, உள்பக்கம் இரும்புப் பட்டை கொடுத்து வெல்டிங் அடித்துவிட்டுப் போனார். காலையில் பட்டையும் சேர்ந்து உள்வாங்கியிருந்தது. அப்போதுதான் அவர் ஆயில் டின்னை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதை நிதானமாகப் பார்த்தார். மேலே உருண்டையாக ஒரு குழி, அதற்குக் கீழே அகலமாக ஒரு குழி, பக்கத்தில் விரல் விரித்த ஒரு கை. இடது தோள், இடது இடுப்பு, இடது கை. குழிக்குள் விரலை விட்டுத் தேய்த்தார், விரலில் கரி ஒட்டியது. சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எதிரே மந்திரம் நடத்துகிற டீக்கடைக்குப் போய், கூட்டத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டு வந்து பம்பரைக் காட்டினார். வந்தவர்கள் டம்ளரும் கையுமாக நின்று பார்த்தார்கள். ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை, ஏனென்றால் அது யாருடைய தோள் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

கொம்பாடிப் பிரிவு என்பது ஊர் இல்லை. நாலுவழிச் சாலையும் கொம்பாடிக்குப் போகிற மண்சாலையும் சந்திக்கிற இடத்தில் பஞ்சர் கடை, பேட்டரிக் கடை, புரோட்டாக் கடை, டீக்கடை, சவரிமுத்துவின் பட்டறை என்று கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிற பிழைப்பு அது. அந்தப் பிழைப்பு முழுவதும் தனுஷ்கோடியின் கல் கிரஷரை நம்பித்தான். கிரஷர் லாரி பஞ்சரானால் பஞ்சர் கடைக்காரன் வீட்டில் அடுப்பு எரியும், கிரஷர் டிரைவருக்குப் பசித்தால் புரோட்டாக் கடைக்காரன் வீட்டில் அடுப்பு எரியும். தனுஷ்கோடியைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கோயில் கொடைக்கு முதல் ஆளாகக் கொடுப்பார், பிரசவ வலி என்றால் வண்டி அனுப்புவார். புதுசு புதுசாக எத்தனை வண்டி வாங்கினாலும் அந்தப் பழைய சுமோவை மட்டும் விற்கமாட்டார். அது வந்த பிறகுதான் கிரஷர் வந்தது, ராசியான வண்டி. ராசியான வண்டி என்பதால் வேறு யார் கையிலும் கொடுக்காமல் அவரேதான் ஓட்டுவார். ஓட்டும்போது, தூரம் போய்த் திரும்பி வருவதற்குச் சோம்பல்பட்டு, எல்லோரையும் போல எதிர்த்திசையிலேயே ஏறி வருவார்.

அப்படி ஒரு விளக்கு வைக்கிற நேரத்தில் ஏறி வந்தபோதுதான், சைக்கிளில் கரிமூட்டைகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த வெயிலுமுத்துவை அந்தச் சுமோ இடித்தது. வண்டி நின்றது, கதவு திறந்தது, ஒரு கால் கீழே இறங்கியது, பிறகு அந்தக் கால் உள்ளே போய், கதவு மூடி, வண்டி போய்விட்டது. டீக்கடையில் உட்கார இடமில்லாத கூட்டம். போலீஸ் வந்து கேட்டபோது ஒருவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார், ஒருவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார், ஒருவருக்குச் சொல்லிவைத்த மாதிரி அந்த நேரம் கண்ணில் தூசி விழுந்திருந்தது, பேட்டரிக் கடைக்காரர் தனக்கு மாலைக்கண் என்றார். டீக்கடை மந்திரம் மட்டும் எதுவும் சொல்லாமல் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார், அதையும் போலீஸ் பதிலாக எடுத்துக்கொண்டது. இவர்கள் எல்லோரும் பார்த்ததைக் கூட்டிப் பெருக்கி, 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

வெயிலுமுத்துவின் பெண்டாட்டி சீனித்தாய்க்கு யார் இடித்தது என்று சவம் வீடு வந்து சேருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. இந்த மாதிரிச் சேதியை யாரும் சொல்வதில்லை, ஆனாலும் தெரிந்துவிடும். காரியம் முடிந்த கையோடு மந்திரம் ஒரு மூட்டை அரிசியும், மடித்த கவர் ஒன்றும் எடுத்துக்கொண்டு அவள் விறகு அடுக்கிக் கரி சுடுகிற கரிமூட்டத்துக்கு வந்தார். யார் கொடுத்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"எனக்கு அரிசியும் வேண்டாம், கவரும் வேண்டாம்" என்றாள் சீனித்தாய். "நாந்தான் இடிச்சேன், நாந்தான் கொன்னேன்னு நாலு பேரு முன்னால அந்த மனுசன் வாயால சொல்லணும். அம்புட்டுத்தான். பெறகு போலீசு என்ன செய்யுமோ செய்யட்டும்."

"அதெப்படித் தாயி சொல்லுவாரு? பெரிய மனுசன்லா."

"இடிக்கும்போதும் பெரிய மனுசனாத்தான இருந்தாரு? அப்ப ஓடலாம், இப்பச் சொல்லக் கூடாதாக்கும்?"

மந்திரம் அரிசியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அன்று முதல் சீனித்தாய் கேட்டது அந்த ஒன்றைத்தான். டீக்கடையில் கேட்டாள், பஞ்சர் கடையில் கேட்டாள், ஸ்டேஷனில் கேட்டாள், கிரஷர் வாசலில் நின்று கேட்டாள். எல்லோரும் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நிழலில் உட்காரச் சொன்னார்கள். பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் பம்பர் சேதி கரிமூட்டத்துக்கு வந்தது. அவள் கையில் இருந்த கரியைக்கூடக் கழுவாமல் பட்டறைக்கு நடந்தாள். சவரிமுத்து எழுந்து வழிவிட்டார். அவள் வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். வெயிலுமுத்து ஒன்றும் உலகத்தில் இல்லாத புருஷன் இல்லை. கரி விற்ற அன்றைக்கெல்லாம் குடிப்பான், குடித்தால் அழுவான், தன்னை அடித்தவனையும் ஏமாற்றினவனையும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் மன்னித்துவிடுவான், வீட்டில் வந்து அவளிடம் மட்டும் முறுக்கிக்கொள்வான். அவனோடு அவள் போடாத சண்டை இல்லை. ஆனால் மூட்டை சுமந்து சுமந்து ஒரு பக்கம் ஏறிப்போன அந்தத் தோளில் தலைவைத்துத்தான் அவள் இத்தனை வருஷம் தூங்கினாள். மேலே இருந்த குழியில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. சவம் எடுத்த அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது, பட்டறைத் தகரம் அதிர அழுதாள், சவரிமுத்து வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

அழுது முடித்து முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, "இதுக்கு மேல என்ன அண்ணாச்சி சாட்சி வேணும்?" என்றாள்.

"எனக்கு வேண்டாம் தங்கச்சி" என்றார் சவரிமுத்து. "கேக்கவேண்டியவனுக்கு வேணுமே."

கேட்க வேண்டியவர் இன்ஸ்பெக்டர். சீனித்தாய் விடாமல் போய் உட்கார்ந்து, அவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் தனுஷ்கோடி மதுரையிலிருந்து புதுப் பம்பர் வரவழைத்து மாட்டச் சொல்லிவிட்டார். மாட்டிய மறுநாள் காலை அதிலும் தோளும் இடுப்பும் கையும் இருந்தன. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர், சீனித்தாயை அம்மா என்றுதான் கூப்பிட்டார். கைத்தடத்தில் தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டிய கரியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பம்பர் எப்ப மாட்டினது?" என்று சவரிமுத்துவைக் கேட்டார்.

"முந்தாநாள் சார்."

"இவங்க வீட்டுக்காரர் செத்தது?"

"போன மாசம்."

"போன மாசம் செத்தவரு முந்தாநாள் மாட்டின பம்பர்ல எப்படிம்மா இடிபடுவாரு? நீங்களே சொல்லுங்க."

"பழைய பம்பர் அங்கன கெடக்கே சார், அதுலயும் இருக்கு" என்றாள் சீனித்தாய்.

"அதை இவரு தட்டி, சூடேத்தி, வெல்டிங் எல்லாம் வச்சிருக்காரு. கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்தினா டிங்கர் செஞ்ச வேலைன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க." அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "யாராவது ஒருத்தர் பார்த்தேன்னு சொல்லணும். இல்ல, இடிச்சவரே இடிச்சேன்னு சொல்லணும். சொல்லட்டும், அப்ப நான் யாருன்னு பாருங்க."

அவர் சொன்னதைச் சீனித்தாய் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிடிப்பதற்கு வேறு கொம்பு இல்லை.

தனுஷ்கோடி அந்தப் புதுப் பம்பரையும் கழற்றச் சொன்னார். பைபர் பம்பர் வந்தது. இரும்பு நசுங்கும், பைபர் உடையத்தானே செய்யும் என்று சவரிமுத்துவே நினைத்தார், ஆனால் பைபர் ஒரு விரிசல்கூட விடாமல் சப்பாத்தி மாவைப் போலக் குழிந்து வாங்கிக்கொண்டது. பம்பருக்கு முன்னால் தடித்த இரும்புக் கம்பியில் தடுப்புக் கார்டு செய்து மாட்டினார்கள், கம்பிகள் தோளுக்குத் தோளும் இடுப்புக்கு இடுப்புமாக வளைந்துகொடுத்தன. பம்பரே வேண்டாம் என்று மொட்டையாக விட்டார்கள், ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த கிரில் குழிந்தது. தார்ப்பாயைப் போட்டு மூடிக் கிரஷருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள், காலையில் தார்ப்பாயின் முன்பக்கம் ஓர் ஆள் சாய்ந்த மாதிரி உள்வாங்கி அப்படியே விறைத்து நின்றது, காற்றடித்தும் அசையவில்லை. வண்டியை உடைக்கிற கடைக்குத் தள்ளிவிடலாம் என்று சம்சாரம் சொன்னதற்கு மட்டும் தனுஷ்கோடி சம்மதிக்கவில்லை. ராசியான வண்டி. கடைசியில் ஒரு புதுப் பம்பரை மாட்டி, அது நசுங்கியதும் நசுங்கியபடியே பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் வேறு வண்டியில் போய்வந்துகொண்டிருந்தார்.

நசுங்கியது நசுங்கியபடியே நின்றதும் சனங்களுக்குப் பழகிவிட்டது. முதல் வாரம் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் போனவர்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொண்டே போனார்கள், அதற்கடுத்து வண்டியில் சாய்ந்து நின்று டீ குடித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைத்தடத்தில் கைவைத்து யார் கை பெரிது என்று அளந்தன. புரோட்டாக் கடைக்காரர் தோள்குழியில் மிளகாய் வற்றலைக் காயப்போட்டார், சீனித்தாய் வந்து அள்ளி வீசிவிட்டுப் போனாள். அப்புறம் சங்ககிரிப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், டயர் மாற்றுகிற இடைவெளியில் கதையைக் கேட்டுவிட்டு, விளையாட்டாகக் குழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். அன்று மலைச்சரிவில் அவருக்குப் பிரேக் பிடிக்காமல் போய், லாரி தடுப்புச் சுவரில் உரசி உரசி, பள்ளத்தின் விளிம்பில் முன்சக்கரம் தொங்க நின்றது. ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வந்தவர், வேறு லாரி பிடித்துத் திரும்பி வந்து, சுமோவுக்கு முன்னால் ரோட்டில் விழுந்து கும்பிட்டு, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தார்.

அதோடு முடிந்தது. அதாவது, சீனித்தாய்க்கு முடிந்தது, மற்றவர்களுக்கு ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் வந்தார்கள், வேன்காரர்கள் வந்தார்கள், புது பைக் வாங்கின பையன்கள் ஷோரூமிலிருந்து நேராக வந்தார்கள். வெயிலுமுத்து என்ற பெயர் தேய்ந்து வெயிலான் ஆனது. 'வெயிலான் துணை' என்று கண்ணாடிக்கு ஸ்டிக்கர் வந்தது. கை முறிந்தால் கை உருவம், கண் நோவு என்றால் கண் உருவம் வாங்கி வைக்கிற மாதிரி, தகரத்தில் சின்னச் சின்னப் பம்பர் உருவம் செய்து நேர்ந்து வைத்தார்கள். அதைச் சவரிமுத்துதான் வெட்டிக் கொடுத்தார், முகத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு. டீக்கடை மந்திரம் பக்கத்தில் இன்னொரு கொட்டகை போட்டார். எதிர்த்திசையில் ஏறி வருகிறவர்கள்கூட, பம்பருக்கு நேரே வந்ததும் ஒரு கையை விட்டுக் கும்பிட்டுவிட்டு, அப்படியே எதிர்த்திசையில் போனார்கள்.

சீனித்தாய் தினமும் வந்து கத்திப் பார்த்தாள். "இது சாமி இல்லய்யா, எம் புருசன் செத்த தடம். இது கொலைக்குச் சாட்சி" என்று வருகிற டிரைவர்களிடம் எல்லாம் சொன்னாள். அவர்கள் பயபக்தியோடு கேட்டுவிட்டு, அப்படியா தாயி என்று அவள் காலையும் தொட்டுக் கும்பிட்டார்கள். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கல்லை எடுத்து எறிந்தால், அந்தக் கல்லையும் எடுத்து மடியில் கட்டிக்கொள்வார்கள் போலிருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுப்பட்டோ அடிபட்டோ அநியாயமாகச் செத்தவனுக்குக் கோபம் ஆறாது, அவனுக்குப் பீடம் போட்டுப் பொங்கல் வைக்க வேண்டும். போடுவது செத்தவன் வீட்டார் வேலை இல்லை, கொன்றவன் வீட்டார் வேலை. கொன்றவன் வம்சம்தான் காலாகாலத்துக்கும் கும்பிட்டு, அடங்கிப் போக வேண்டும். கொடை என்கிற அந்தத் திருவிழா அன்றைக்கு, யார் யாரை எப்படிக் கொன்றார் என்று பீடத்துக்கு முன்னால் மறைக்காமல் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சாமி நிற்காது. அந்த வட்டாரத்தில் பாதிச் சாமிகள் இப்படி நின்றவைதான். ஆகவே கடைக்காரர்கள் எல்லோரும் கூடி, பட்டறை வாசலில் வெயிலானுக்குப் பீடம் போட வேண்டும், அதை முதலாளி தனுஷ்கோடிதான் முன்னின்று செய்ய வேண்டும் என்று பேசி முடித்தபோது, எதற்காகத் தனுஷ்கோடி என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலைக்கண்காரர்கூடக் கேட்கவில்லை.

மந்திரம்தான் சீனித்தாயிடம் சம்மதம் கேட்க வந்தார். செத்தவன் வீட்டு உத்தரவு இல்லாமல் பீடம் போடக் கூடாது.

அவள் கரிமூட்டத்தில் புகை கசிந்த இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டாள். ஸ்டேஷனில் கேட்டுக் கிடைக்காததும், கடை கடையாகக் கேட்டுக் கிடைக்காததும், இப்படி வீடு தேடி வருகிறதே என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொடையில மொறைப்படி எல்லாம் நடக்கும்லா?" என்று கேட்டாள்.

"நடக்கும் தாயி. ஒரு கொறை வராது."

"கொன்னது ஆருன்னு கொன்னவன் வாயால சொல்லணும். மைக்குல சொல்லணும். மறைச்சுப் பேசுனாகன்னா பீடத்த நானே இடிச்சிருவேன்."

"சொல்லாம சாமி நிக்குமா? முதலாளி அதுக்கு ஒத்துக்கிட்டாரு" என்றார் மந்திரம், குரலைத் தாழ்த்தி. "அவரும் மனுசன்தான தாயி. கண்ணு அசந்து எத்தன நாளாச்சோ, ஆளப் பாத்தா உனக்கே பாவமா இருக்கும்."

"எனக்குப் பாவமா இருக்காது. நீரு போய்ப் பீடத்தப் போடும்" என்றாள் சீனித்தாய்.

பீடம் வந்தது. சுமோவைச் சக்கரம் கழற்றி மேடையில் ஏற்றி, மேலே தகரப் பந்தல் போட்டார்கள், பம்பருக்கு வெள்ளிக்கவசம் செய்வதாகப் பேச்சு. கொடைக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். முதல் மரியாதை தனுஷ்கோடிக்கு என்று போட்டிருந்ததைச் சவரிமுத்து வாசித்துக் காட்டியபோது சீனித்தாய் கலங்கவில்லை. போடட்டும் அண்ணாச்சி, இதுவும் ஒரு வாக்குமூலம்தான் என்றாள். பெட்டியில் இருந்த கல்யாணச் சேலையை எடுத்து வெயிலில் உலர்த்திக் கட்டிக்கொண்டு, கொடையன்று காலையிலேயே போய் மேடைக்கு முன்னால் இடம்பிடித்து உட்கார்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தலைசீவிப் பூ மட்டும் வைக்காமல் கொண்டை போட்டிருந்தாள்.

நடுப்பகல் உச்சிக்கொடை நேரத்துக்கு வில்லுப்பாட்டு ஆரம்பித்தது. பாட்டுக்காரர் கூசாமல் பாடினார். வெயிலான் பிறவியிலேயே குடியைத் தொடாதவன். கரி விற்ற காசில் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவன். பெண்டாட்டியை ஒரு சொல் கடிந்து பேசாதவன். பள்ளிக்கூட வேன் ஒன்று பிள்ளைகளோடு வருவதைப் பார்த்து, எதிரே வந்த வண்டியைத் தன் தோளால் தடுத்து நிறுத்தியவன். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் எந்த வேனும் வரவில்லை. டீக்கடையில் அன்றைக்கு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்து, அந்த வேனைத் தான் கண்ணால் பார்த்ததாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சீனித்தாய் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். வரட்டும், அந்த ஒரு வார்த்தை வரட்டும், அதுவரைக்கும் இவர்கள் என்ன வேண்டுமானாலும் பாடிக்கொள்ளட்டும் என்று இருந்தாள். கூட்டத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்தபோது அவளுக்கு உயிர் வந்தது. இன்ஸ்பெக்டரே வந்திருந்தார். ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த ஜீப்பை மாலை போட்டுப் பந்தல் ஓரமாக நிறுத்திவிட்டு, வரிசையில் செருப்பில்லாமல் நின்றார். இன்று இவர் காதாலேயே கேட்கப்போகிறார் என்று சீனித்தாய் நினைத்தாள்.

பாட்டு நின்றது. தனுஷ்கோடி ஈரவேட்டியோடு மேடையில் ஏறினார். மந்திரம் சொன்னது பொய் இல்லை, ஆள் பாதியாக இருந்தார். மைக்கை வாங்கினார், ஸ்பீக்கர் கரகரவென்றது. பம்பரைப் பார்த்தார், தோள்குழியைத் தொட்டார், திரும்பிச் சீனித்தாயைப் பார்த்தார்.

"நாந்தான்" என்றார். "எதிர்ப்பக்கமா ஏறி வந்தேன். மெதுவா வரல. நாந்தான் இடிச்சேன். எறங்கப் போனேன், பயந்துபோய் ஓடிட்டேன். நாந்தான் கொன்னேன் தாயி. உம் புருசனக் கொன்னது நாந்தான்."

சொல்லிவிட்டு மேடையிலிருந்து விழுந்தடித்து இறங்கி வந்து அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, வாய்விட்டு அழுதார். அவர் நடிக்கவில்லை. மனசார அழுதார். அவர் நடித்திருந்தால் சீனித்தாய்க்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

அப்புறம் பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவை எழும்பியது, அதைத் தொடர்ந்து இன்னொன்று, பிறகு மேளம், பிறகு வேட்டு, பிறகு நின்றிருந்த லாரிகள் அத்தனையும் ஒன்றாக ஹாரன் அடித்தன. ஆட்கள் ஓடிவந்து தனுஷ்கோடியைத் தூக்கினார்கள், மாலை போட்டார்கள், தோளில் ஏற்றினார்கள். "ரோட்டுல எத்தன வண்டி போகுது, வெயிலான் சாமியா ஏறுததுக்கு இந்த வண்டியத்தான தேடிப் புடிச்சாரு" என்று கண்ணைத் துடைத்தார் மாலைக்கண் பேட்டரிக்காரர். "குடுத்துவச்ச கைய்யா அது." தனுஷ்கோடியின் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வரிசை நின்றது. சாமியோட சம்சாரம் என்று சொல்லிச் சீனித்தாய் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது, மேடைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பம்பருக்குப் பக்கத்தில் நிறுத்தி, திருநீற்றுத் தட்டை அவள் கையில் திணித்தார்கள்.

வரிசையின் முதலில் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"சார்" என்றாள் சீனித்தாய். "அந்தாளு சொன்னது காதுல விழுந்துச்சுல்ல சார்?"

"விழுந்துச்சும்மா. மெய் சிலிர்த்துப் போச்சு."

"புடிச்சுட்டுப் போங்க சார். அவரு வாயாலயே சொல்லிட்டாரு. அத்தன பேரும் கேட்டிருக்காக."

இன்ஸ்பெக்டர் அவளைப் புரியாமல் பார்த்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. பிறகு சாமி ஏறி ஏதோ அருள்வாக்கு வந்திருக்கிறது போல என்று நினைத்து, தலையைக் குனிந்து, வலது கையை இடது கை தாங்க அவள் முன் நீட்டினார். "ஜீப்பு புதுசும்மா. நல்லபடியா ஓடணும்னு சொல்லிக் குடுங்க" என்றார். பின்னால், சீக்கிரம் தாயி, வண்டி நிக்கி, சனம் நிக்கி என்று அவசரப்படுத்தினார்கள்.

சீனித்தாய் தட்டைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். தோள்மேல் உட்கார்ந்து போகிற தனுஷ்கோடியைப் பார்த்தாள். அவர் முகம் தெளிந்து, நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகமாக ஆகியிருந்தது. வாயைக் கூட்டி, தட்டில் இருந்த திருநீற்றின்மேல் காறித் துப்பினாள். துப்பியதை அப்படியே ஒரு கை அள்ளி, இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் அறைந்த மாதிரி வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி, அதை நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

"தாயி, எனக்கும் அதேமாதிரி துப்பிக் குடு" என்று அவருக்குப் பின்னால் நின்றவர் கையை நீட்டினார்.